ஹூண்டாய் எப்படி இவ்வளவு உயரம் வந்தது, அதன் கார் ஓனர்கள் ஏன் இப்படி இரண்டாகப் பிரிந்து பேசுகிறார்கள்?

கேள்வி இரண்டு பாகமாக வந்திருக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் கேலிப்பொருளாக இருந்த ஹூண்டாய், உலகின் முதல் மூன்று கார் குழுமங்களில் ஒன்றாக எப்படி ஆனது? அதன் கார்களை வைத்திருப்பவர்களில் ஒருவர் "கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல கார் கிடையாது" என்கிறார், இன்னொருவர் "இனி அந்தப் பக்கமே போக மாட்டேன்" என்கிறார். யாரை நம்புவது?

இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடலாம். ஹூண்டாய் ஒவ்வொரு கட்டத்திலும் கார் வாங்குபவருக்கு ஒரு வாக்குக் கொடுத்துத்தான் வளர்ந்தது. விலையில் ஒரு வாக்கு, வாரண்டியில் ஒரு வாக்கு, வேலை போனால் காரைத் திருப்பித் தரலாம் என்று ஒரு வாக்கு. அது யாருக்குப் பலித்ததோ அவர் புகழ்கிறார். அது முடிந்துபோன இடத்தில் மாட்டிக்கொண்டவர் திட்டுகிறார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

ஹூண்டாயின் நிறுவனர் சங் ஜூ-யங்கிடமிருந்து தொடங்குகிறேன். 1915ல், இன்று வட கொரியாவில் இருக்கும் தொங்சோன் பகுதியில் ஓர் ஏழை விவசாயி வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். வயல் வேலை பிடிக்காமல் பலமுறை வீட்டைவிட்டு ஓடினார். ஒருமுறை அப்பா மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். சியோலில் அரிசிக் கடையில் வேலை பார்த்தார். 1940ல் கார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை வாங்கினார். அது சீக்கிரமே தீப்பிடித்து எரிந்துபோனது. மறுபடி கடன் வாங்கித் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆரம்பித்த தொழில்களுக்கு 'ஹூண்டாய்' என்று பெயர் வைத்தார். கொரிய மொழியில் 'நவீனம்' என்று பொருள். பல ஆண்டுகள் கழித்து, 1998ல், 83 வயதை நெருங்கிய அந்த மனிதர் ஹூண்டாய் லாரிகளில் மாடுகளை ஏற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டி வட கொரியாவுக்குப் போனார். ஜூனில் 500, அக்டோபரில் 501, மொத்தம் 1001 மாடுகள். அன்று எடுத்த ஒரு மாட்டின் கடனை அடைப்பதாகத்தான் அதைச் சொன்னார். கார் கதையில் இது எதற்கு என்று தோன்றலாம். கடனும் வாக்கும் அந்தக் குடும்பத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதில் தெரிகிறது என்பதால் சொல்கிறேன்.

ஹூண்டாய் மோட்டார் 1967ல் தொடங்கியது. மறு ஆண்டே தென் கொரியாவின் உல்சானில் ஃபோர்டு கார்ட்டினா கார்களைப் பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டிக் கொடுத்தார்கள். பூட்டிக் கொடுப்பதோடு நின்றிருந்தால் இன்று இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஃபோர்டோடு கூட்டுத் தொழிற்சாலைப் பேச்சு முறிந்ததும், சொந்தக் கார் செய்வது என்று முடிவெடுத்தார்கள். பிரிட்டிஷ் லேலண்ட் கார் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்த ஜார்ஜ் டர்ன்புல்லை 1974ல் அழைத்து வந்தார்கள். வடிவத்துக்கு இத்தாலியின் ஜார்ஜெட்டோ ஜுஜாரோ. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஜப்பானின் மிட்சுபிஷியிடமிருந்து. அப்படிப் பிறந்த கார்தான் போனி. 1974 டூரின் கண்காட்சியில் காட்டினார்கள், 1975 கடைசியில் உற்பத்தி தொடங்கியது, 1976ல் ஈக்வடாருக்கு முதல் ஏற்றுமதி. கொரியாவில் அன்றைய டாக்ஸிகளில் பெரும்பகுதி போனிதான். அந்தத் தலைமுறைக்காரர்களிடம் போனியைப் பற்றிக் கேட்டால் வீட்டில் முதன்முதலாக வந்த காரைப் பற்றிப் பேசும் பாசத்தோடுதான் பேசுவார்கள். அதன் குறைகள் அந்த நினைவில் வராது. ஓனர் கருத்து என்பது காரைப் பற்றி மட்டுமல்ல, அந்த மனிதரின் வாழ்க்கையில் அந்தக் கார் எந்த இடத்தில் வந்தது என்பதைப் பற்றியும்தான்.

அடுத்து எக்ஸெல். 1986ல் அமெரிக்காவுக்குள் நுழைந்தது, ஆரம்ப விலை 4,995 டாலர். அந்த விலையில் அமெரிக்காவில் புதுக் கார் கிடைப்பதே அபூர்வம். முதல் ஆண்டிலேயே 1,68,000க்கும் மேல் விற்றது. முதல் ஆண்டில் எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் அதுவரை அமெரிக்காவில் அவ்வளவு விற்றதில்லை. அடுத்த ஆண்டு இரண்டரை லட்சத்தைத் தாண்டியது.

வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் முதல் வேலைக்குப் போனவர்கள், மாணவர்கள், பழைய கார் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள். வங்கிக் கடனில் வாங்கினார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் துரு பிடித்தது, உள்ளே பிளாஸ்டிக் கழன்றது, இன்ஜினில் கோளாறுகள் வந்தன. விற்கலாம் என்று போனால் ரீசேல் விலை படுபாதாளத்தில் கிடந்தது. கார் போகும் விலையைவிடக் கட்ட வேண்டிய கடன் அதிகம் என்ற நிலை. இந்த ஓனர்களின் கோபம்தான் அடுத்த பதினைந்து ஆண்டுகள் ஹூண்டாயைத் துரத்தியது. மலிவாக வாங்கியதால் பொறுத்துப் போவார்கள் என்று நினைப்பது தப்பு. கையில் இருந்த மொத்தத்தையும் போட்டு வாங்கியவருக்குத்தான் கார் நடுவழியில் நிற்பது அதிகம் வலிக்கும். கனடாவின் புரோமோன்ட்டில் 1989ல் கட்டிய தொழிற்சாலையையும் 1993லேயே மூட வேண்டியதாயிற்று.

இந்த இருண்ட ஆண்டுகளில் வெளியே தெரியாமல் நடந்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. மிட்சுபிஷி இன்ஜினுக்கு ராயல்டி கட்டிக்கொண்டே, சொந்த இன்ஜின் வடிவமைக்க ஒரு சின்னக் குழுவை உட்கார வைத்தார்கள். 1991ல் ஆல்பா என்ற முதல் சொந்த இன்ஜின் வந்தது. அப்புறம் என்ன நடந்தது என்றால், 2002ல் ஹூண்டாய், மிட்சுபிஷி, கிரைஸ்லர் மூன்றும் சேர்ந்து ஒரு பொது இன்ஜினுக்காகக் கூட்டு நிறுவனம் தொடங்கியபோது, அடிப்படையாக எடுத்துக்கொண்டது ஹூண்டாயின் தீட்டா இன்ஜின் வடிவமைப்பைத்தான். இன்ஜினுக்காக யாரிடம் கையேந்தி நின்றார்களோ, அவர்களே இப்போது இவர்களுக்கு உரிமத் தொகை கட்டும் நிலை. பத்தே ஆண்டுகளில் இந்தத் தலைகீழ் மாற்றம். தீட்டா என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதன் அடுத்த தலைமுறையைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

1997ல் ஆசிய நிதி நெருக்கடி. இன்னொரு கொரியக் கார் கம்பெனியான கியா திவாலானது, 1998ல் அதை ஹூண்டாய் வாங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் ஹூண்டாய் விற்ற கார்கள் சுமார் 90,000தான். கிட்டத்தட்ட மூட்டை கட்ட வேண்டிய நிலை. அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. இன்ஜின், கியர்பாக்ஸ் உள்ளிட்ட இயக்கப் பாகங்களுக்கு 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வாரண்டி.

மற்ற கம்பெனிகள் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தரத்துக்குப் பெயர் கெட்ட கம்பெனி எல்லோரையும்விட நீளமான வாரண்டி கொடுப்பது தற்கொலை போலத்தான் தெரிந்தது. ஆனால் அதன் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். கெட்டுப்போகும் ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் இனி காசு கட்டப்போவது கம்பெனி. ஓனரின் தலைவலியாக இருந்தது கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு தொழிற்சாலை ஒழுங்காகச் செய்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

அந்த நேரத்தில் தலைமைக்கு வந்தவர் நிறுவனரின் மகன் சங் மாங்-கூ. இவர் நீண்ட காலம் நடத்தியது ஹூண்டாயின் விற்பனைக்குப் பிந்தைய சர்வீஸ் நிறுவனத்தை. அதாவது கார் ஷோரூமைவிட்டு வெளியே போகும் அழகைப் பார்த்து வளர்ந்தவர் இல்லை, கெட்டுப்போய்த் திரும்பி வரும் காரைப் பார்த்து வளர்ந்தவர். உல்சான் தொழிற்சாலைக்குப் போய் ஒரு சொனாட்டாவின் பானெட்டைத் திறக்கச் சொன்னாராம். உள்ளே ஒயர்கள் தொங்கின, ஹோஸ்கள் பின்னிக் கிடந்தன, போல்ட்டுகள் நான்கு நிறத்தில் இருந்தன. இனி எல்லா போல்ட், நட், ஸ்க்ரூவும் கறுப்பாகவே இருக்க வேண்டும், பானெட்டுக்குள் ஒழுங்காக இல்லாத எந்தக் காரும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். போல்ட்டின் நிறத்தால் கார் நன்றாக ஓடிவிடாது. ஆனால் யாரும் திறந்து பார்க்காத இடத்தைத் தலைவர் திறந்து பார்ப்பார் என்று தெரிந்தால், அசெம்பிளி லைனில் நிற்பவரின் கை வேறு மாதிரி வேலை செய்யும்.

பலன் 2004ல் தெரிந்தது. ஜே.டி. பவர் நிறுவனம் அமெரிக்காவில் புதுக் கார் வாங்கியவர்களிடம் முதல் 90 நாளில் என்னென்ன பிரச்சினை வந்தது என்று கேட்டுக் கணக்கெடுக்கிறது. 1998ல் ஹூண்டாயில் 100 காருக்கு 270க்கும் மேற்பட்ட பிரச்சினைகள் சொல்லப்பட்டன. 2004ல் அது 102 ஆகக் குறைந்தது. ஹோண்டாவுக்குச் சமமாக வந்து நின்றது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், ஓனர் கருத்தைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். அது முதல் 90 நாள் கணக்கு. மூன்று ஆண்டு கழித்துக் கேட்கும் கணக்கெடுப்பில் அதே உயரத்தை எட்ட மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. புதுக் கார் வாசனை போகாத மூன்று மாதத்தில் ஒருவர் சொல்வதும், எட்டாவது ஆண்டில் அதே ஆள் சொல்வதும் ஒன்றல்ல. ஹூண்டாய் ஓனர்களிடம் இந்த இடைவெளி மற்ற கம்பெனிகளைவிடப் பெரிதாகவே தெரிகிறது. காரணம் அந்த வாரண்டிதான். அமெரிக்காவில் 10 ஆண்டு வாக்கு முதல் ஓனருக்கு மட்டும். காரை விற்றுவிட்டால் வாங்கியவருக்குக் கிடைப்பது, கார் முதலில் விற்ற நாளிலிருந்து 5 ஆண்டு, 60,000 மைல் வரைதான். ஆக, ஏழாவது ஆண்டில் ஒரே மாதிரியான இரண்டு கார்களில் ஒரே மாதிரி கியர்பாக்ஸ் போகிறது. முதல் ஓனர் சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு வாரத்தில் இலவசமாகச் சரிசெய்து வாங்கிப் போகிறார், "கம்பெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது" என்கிறார். இரண்டாவது ஓனர் சில ஆயிரம் டாலர் கட்டுகிறார், "10 ஆண்டு என்றார்களே, ஏமாற்று" என்கிறார். காரில் எந்த வித்தியாசமும் இல்லை.

2009ஐ விட்டுவிட முடியாது. அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்து, பெரிய அமெரிக்கக் கம்பெனிகளே திவாலாகிக்கொண்டிருந்த நேரம். மக்கள் கார் வாங்காததற்குக் காரணம் விலை அல்ல, வேலை போய்விடுமோ என்ற பயம். ஹூண்டாய் அந்தப் பயத்துக்கே பதில் சொன்னது. எங்களிடம் வாங்கி ஓர் ஆண்டுக்குள் வருமானத்தை இழந்தால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றது. மொத்தச் சந்தையும் ஐந்தில் ஒரு பங்கு விழுந்த அந்த ஆண்டில் ஹூண்டாயின் விற்பனை கூடியது. உண்மையில் காரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் அன்று வாங்கியவர்கள் இன்றும் அதை நன்றியோடு சொல்வதைப் பார்க்கலாம். ஒரு கார் கம்பெனி தங்கள் நிலைமையைப் புரிந்துகொண்டது என்ற உணர்வு சாதாரணமானதல்ல.

வடிவமைப்பில் நடந்த மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடி, வோக்ஸ்வேகன் கார்களை வடிவமைத்த பீட்டர் ஷ்ரையர் 2006ல் கியாவுக்கு வந்தார், பிஎம்டபிள்யூவின் வேகக் கார்களைச் செய்யும் எம் பிரிவிலிருந்து ஆல்பர்ட் பியர்மன் 2015ல் வந்தார். முதலாமவரால் கார்கள் அழகாயின, இரண்டாமவரால் ஓட்டுவதற்கு நன்றாக ஆயின. அமெரிக்காவில் அலபாமாவின் மாண்ட்காமெரி, செக் நாட்டின் நோஷோவிட்சே என்று தொழிற்சாலைகள் பெருகின. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998லேயே உற்பத்தி தொடங்கிவிட்டது. 2022ல் ஹூண்டாய்-கியா குழுமம் சுமார் 68 லட்சம் கார்கள் விற்று, டொயோட்டா, வோக்ஸ்வேகனுக்கு அடுத்து உலகில் மூன்றாவது இடத்துக்கு வந்தது.

சரி, இப்போது திட்டுபவர்கள் பக்கம்.

முதலில் தீட்டா 2 இன்ஜின். 2011 மாடல் முதல் வந்த சொனாட்டாவிலும் கியா ஆப்டிமாவிலும் இருந்தது. இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டில் ஆயில் போகும் துளைகளைக் குடையும்போது உண்டான உலோகத் துகள்கள் சரியாகக் கழுவப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டன. அந்தத் துகள் ஆயில் வழியை அடைத்தால் கனெக்டிங் ராட் பேரிங்குக்கு ஆயில் போகாது. பேரிங் காய்ந்து தேயும். ஓனருக்கு முதலில் கேட்பது இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து ஒரு 'டக் டக்' சத்தம், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது வேகமெடுக்கும். அப்போதே நிறுத்தாவிட்டால் ராட் உடைந்து இன்ஜின் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரலாம். நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே கார் செத்துவிடும். சில கார்கள் தீப்பிடித்தன.

2015ல் 4,70,000 சொனாட்டாக்களைச் சரிசெய்து தருவதற்காகத் திரும்ப அழைத்தார்கள். 2017ல் மேலும் பல லட்சம். நோய் வந்ததைவிட அதை நடத்திய விதம்தான் ஓனர்களைக் கசக்க வைத்தது. ஒழுங்காக ஆயில் மாற்றினாயா, ரசீதுகளைக் காட்டு என்று கேட்டு வாரண்டியை மறுத்தார்கள் என்று பலர் வழக்குப் போட்டார்கள். ஹூண்டாயின் தரப் பிரிவிலேயே வேலை பார்த்த கொரியப் பொறியாளர் ஒருவர், கம்பெனி உண்மையை மறைக்கிறது என்று ஆவணங்களோடு அமெரிக்க அரசிடம் போனார். 2020ல் ஹூண்டாயும் கியாவும் திரும்ப அழைப்பைத் தாமதப்படுத்தியதற்காக, அபராதமும் பாதுகாப்புச் செலவுக்கான ஒப்புதலும் சேர்த்து 21 கோடி டாலர் அளவில் அமெரிக்க அரசுடன் தீர்வுக்கு வந்தன. அந்தப் பொறியாளருக்கு அமெரிக்க அரசு 2021ல் 2.4 கோடி டாலருக்கும் மேல் வெகுமதி கொடுத்தது. கடைசியில் அந்த இன்ஜின்களுக்கு ஆயுட்கால வாரண்டி வந்தது. அது முதலிலேயே வந்திருந்தால் பாதிக் கோபம் எழுந்தே இருக்காது.

மைலேஜ் விவகாரமும் அப்படித்தான். 2012ல், சுமார் 9 லட்சம் கார்களின் மைலேஜைக் கூட்டிச் சொல்லியிருந்தது அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் சோதனையில் தெரியவந்தது. வித்தியாசம் பெரும்பாலும் கேலனுக்கு ஓரிரு மைல்தான். ஓனர்களுக்குக் கூடுதல் பெட்ரோல் செலவை ஈடுகட்டினார்கள், 2014ல் 10 கோடி டாலர் அபராதமும் கட்டினார்கள். ஈடு வந்ததால் இதில் காயம் ஓரளவு ஆறியது.

திருட்டு விஷயம் ஆறவில்லை. அமெரிக்காவில் விற்ற, சாவி திருகி ஸ்டார்ட் செய்யும் குறைந்த விலை ஹூண்டாய், கியா மாடல்கள் பலவற்றில் இம்மொபிலைசர் இல்லை. அதாவது சரியான சாவியின் சிப்பை உணர்ந்தால்தான் இன்ஜின் கிளம்பும் என்ற ஏற்பாடு இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே உறையைப் பிய்த்து, யூஎஸ்பி கேபிளின் முனையை வைத்துத் திருகியே வண்டியைக் கிளப்பலாம் என்பது 2021, 2022ல் வீடியோக்களில் பரவியது. மில்வாக்கி போன்ற நகரங்களில் திருட்டு தாறுமாறாக ஏறியது. சில காப்பீட்டுக் கம்பெனிகள் சில இடங்களில் இந்தக் கார்களுக்குக் காப்பீடு தரவே மறுத்தன. கனடாவில் அதே கம்பெனியின் கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே 2007 முதல் இம்மொபிலைசர் சட்டப்படி கட்டாயம். சட்டம் கேட்ட இடத்தில் வைத்தார்கள், கேட்காத இடத்தில் மிச்சம் பிடித்தார்கள். 2023ல் சுமார் 83 லட்சம் கார்களுக்கு மென்பொருள் மாற்றம் அறிவித்தார்கள். இதில் நான் ஓனர்கள் பக்கம்தான். வாடகை வீட்டின் முன்னால் தெருவில் நிறுத்தி வைக்கும் ஆளுக்குத்தான் இந்த மிச்சத்தின் விலை போய்ச் சேர்ந்தது.

கொரியாவுக்குள்ளே இருக்கும் மனக்குறை வேறு வகை. ஏற்றுமதிக் கார் நன்றாக இருக்கும், நமக்குக் கொடுப்பது மட்டம் என்ற சந்தேகம் அங்கே பல காலமாக உண்டு. ஹூண்டாய்-கியாவின் சுருக்கப் பெயரை லேசாகத் திரித்தால் கொரிய மொழியில் 'கொலை ஆயுதம்' என்ற பொருள் வரும், அந்தப் பெயரால்தான் கோபக்காரர்கள் அழைக்கிறார்கள். இந்தப் பேச்சு கம்பெனியை எவ்வளவு சுட்டது என்றால், 2015 ஆகஸ்டில் இன்சோனின் சொங்தோவில் வாடிக்கையாளர்களைக் கூட்டி உட்காரவைத்து, கொரியாவில் செய்த ஒரு சொனாட்டாவையும் அலபாமாவில் செய்த ஒரு சொனாட்டாவையும் நேருக்கு நேர் மோத விட்டுக் காட்டினார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நசுங்கின. அதற்குப் பிறகும் எல்லோரும் சமாதானம் ஆகிவிடவில்லை. தகரம் ஒன்றுதான் என்று காட்டலாம். வாரண்டி மேசையில் உள்ளூர்க்காரர் எப்படி நடத்தப்படுகிறார் என்பது மோதிக் காட்டும் விஷயமல்ல.

மின்சாரக் கார்களிலும் இதே கதை புது உருவத்தில் தொடர்கிறது. 2021ல் வந்த ஐயானிக் 5 உண்மையிலேயே நல்ல கார். 800 வோல்ட் அமைப்பு, தகுந்த சார்ஜர் கிடைத்தால் 18 நிமிடத்தில் 10லிருந்து 80 சதவீதம். 2022ல் உலகின் சிறந்த கார் விருது அதற்கு, 2023ல் ஐயானிக் 6க்கு, 2024ல் கியா இவி9க்கு. ஆனால் ஐசிசியு என்று ஒரு பாகம் இருக்கிறது, பெரிய பேட்டரியிலிருந்து சின்ன 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்து வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. அது கெடும்போது பின்சீட்டுக்கு அடியிலிருந்து 'பட்' என்று ஒரு சத்தம் கேட்கும், திரையில் எச்சரிக்கை வரும், சற்று நேரத்தில் வேகம் குறைந்து கார் நின்றுவிடும். 2024ல் அமெரிக்காவில் மட்டும் இதற்காக இரண்டு முறை திரும்ப அழைத்தார்கள், இரண்டாம் முறை 2 லட்சத்துக்கும் மேல். புதுப் பாகம் கைவசம் இருக்கும் ஊரில் இரண்டு நாளில் வேலை முடிந்தது, அந்த ஓனர் இன்னும் காரைக் கொண்டாடுகிறார். பாகத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

அதனால் யாரை நம்புவது என்று கேட்டால், ஒருவர் கருத்தைப் படிக்கும்போது அவர் எந்த ஆண்டுக் காரைப் பற்றிப் பேசுகிறார், எந்த இன்ஜின், முதல் ஓனரா இரண்டாவதா, எந்த நாடு, வாங்கி எத்தனை மாதம் ஆகிறது என்று பாருங்கள். இவ்வளவும் தெரியாத கருத்தில் கோபமோ சந்தோஷமோதான் இருக்கும், தகவல் இருக்காது. புதுக் கார் வாங்கிப் பத்து ஆண்டு வைத்துக்கொள்ளப் போகிறவர் என்றால் வாரண்டி அட்டையில் அந்த நாட்டுக்கு எழுதியிருப்பதை வரி வரியாகப் படியுங்கள், ஓர் ஊரின் 10 ஆண்டு இன்னோர் ஊரில் 3 ஆண்டாக இருக்கும். பழைய ஹூண்டாய் வாங்குபவர் என்றால், திரும்ப அழைப்பு வேலைகள் எல்லாம் முடிந்துவிட்டதா என்று சேசிஸ் எண்ணை வைத்து டீலரிடம் கேளுங்கள். அமெரிக்காவில் 2011 முதல் 2014 வரையிலான சொனாட்டா என்றால் இன்ஜின் மாற்றிய காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது குறையல்ல, கூடுதல் பலம். ஆயில் மாற்றிய ரசீதுகளையும் விற்பவரிடமிருந்து மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.